சுவரை அளப்பதற்கு முன் சேலையை அளந்து பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

சிறிய படுக்கையறையில் அதிகச் செலவில்லாமல் அலமாரி அமைப்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். காரைக்குடி வட்டாரத்தில் நெடுங்காலமாக வீட்டு மரவேலைகளை மேற்பார்வையிட்டு வரும் நமது கட்டுரையாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: காரைக்குடி கழனிவாசலில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறோம். படுக்கையறை பத்தடிக்கு ஒன்பதடி. அதில் ஆறேகால் அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள கட்டில் ஒன்று கிடக்கிறது. நான், என் கணவர், எட்டு வயது மகள் ஆகிய மூவரின் துணிமணிகளும் ஒரு சின்னப் பீரோவிலும், அதில் அடங்காதவை நாற்காலியின் முதுகிலும் இருக்கின்றன. ஒன்பதடிச் சுவர் முழுவதையும் அடைத்து ஏழடி உயரத்துக்கு அலமாரி செய்ய, சதுர அடிக்கு ரூ.1,800 வீதம் ரூ.1,13,400 ஆகும் என்று ஆசாரி சொல்கிறார். எங்களிடம் இருப்பது ரூ.40,000. மலிவான பலகையில் செய்துகொள்ளலாமா, அல்லது பணம் சேரும்வரை காத்திருக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆசாரியின் கணக்கில் தவறில்லை; ஒன்பதும் ஏழும் பெருக்கினால் 63 சதுர அடி, அதற்கு அந்தத் தொகைதான் வரும். ஆனால் சதுர அடிக் கணக்கு என்பது அலமாரியின் முன்முகப்பை அளக்கும் கணக்கு. உள்ளே எத்தனை தட்டு இருக்கிறது, அந்தத் தட்டில் உங்கள் துணி பொருந்துமா என்பதை அது அளப்பதில்லை. சுவரை மறைப்பதற்கு ரூ.1,13,400 கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடியும் நாற்காலி முதுகில் துண்டைப் போடுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் காலி செய்து, எல்லாத் துணிகளையும் கட்டிலின்மேல் பரப்பி, தொங்கவிட வேண்டியவை, மடித்து வைக்க வேண்டியவை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுப்பவை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு டேப்பைக் கையில் எடுங்கள். ஹேங்கரின் அகலம் பதினேழு, பதினெட்டு அங்குலம். ஆகவே சட்டையும் சுடிதாரும் தொங்கும் பகுதிக்கு உள்ளளவு இருபத்திரண்டு அங்குல ஆழமாவது வேண்டும். மடித்த சேலைக்கும் வேட்டிக்கும் பதினான்கிலிருந்து பதினாறு அங்குலம் தாராளம். சுவர் முழுவதற்கும் ஒரே இரண்டடி ஆழத்தில் அலமாரி செய்தால், மடித்த துணிகளில் முன்வரிசை உங்களுக்கும் பின்வரிசை கரப்பானுக்கும் என்று பங்காகிவிடும்.

உங்கள் அறைக்கு நான் சொல்லுவது இதுதான். மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் துணி தொங்கவிடும் பெட்டி ஒன்று. அதையொட்டி ஐந்தடி அகலம், பதினாறு அங்குல ஆழத்தில், நடுவில் ஒரு தடுப்போடு தட்டலமாரி ஒன்று. இரண்டும் சேர்ந்து எட்டடி. மீதமுள்ள ஓரடியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுவரிலேயே பொருத்திவிடலாம். கட்டிலின் நீளப் பக்கத்தை எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்டால் தொங்கவிடும் பெட்டிக்கு முன்னால் மூன்றடியும், தட்டலமாரிக்கு முன்னால் மூன்றடி எட்டு அங்குலமும் நடக்க இருக்கும். அந்த எட்டு அங்குலத்தை அற்பமாக எண்ண வேண்டாம். மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னுவதற்கு அதுதான் இடம்.

இனிப் பலகைக் கணக்கு. ஒட்டுப்பலகை எட்டடிக்கு நான்கடித் தாளாக, அதாவது 32 சதுர அடியாகக் கிடைக்கிறது. நம் அளவுகள் அந்தத் தாளுக்குள் வீணில்லாமல் அடங்க வேண்டும் என்பதற்காகவே மேலே சொன்ன எண்களைத் தேர்ந்தெடுத்தேன். தொங்கவிடும் பெட்டியின் இரண்டு பக்கப் பலகைகளும், ஏழடிக்கு இரண்டடியாக, 18 மி.மீ. தாள் ஒன்றில் முடிந்துவிடும். அடி, மேல் மற்றும் இரண்டு இடைத்தட்டு ஆகிய நான்கு பலகைகளும் இரண்டாவது தாளில் அடங்கும். இரண்டடிச் சதுரத் துண்டுகள் இரண்டு மிஞ்சவும் செய்யும். தட்டலமாரிக்கு, நான்கடி அகலத் தாளை மூன்று பட்டையாக அறுத்தால் ஒவ்வொன்றும் பதினாறு அங்குலம். ரம்பப் பல் மூன்று நான்கு மி.மீ. தின்றுவிடும் என்பதால் சற்றுக் குறையும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு தாளின் மூன்று பட்டைகள் மூன்று நிற்கும் பலகைகளாகிவிடும். அடுத்த தாளின் மூன்று பட்டைகளில் ஒன்பது தட்டுகள் கிடைக்கும். ஐந்தாவது தாளின் ஒரு பட்டையில் இன்னும் மூன்று தட்டுகள் எடுத்தால் மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் ஏழை ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். பதின்மூன்று அங்குல இடைவெளி வரும், அது சேலைக்கும் வேட்டிக்கும். ஐந்தை மறுபக்கத்துக்குக் கொடுங்கள்; இருபது அங்குல இடைவெளி வரும், அது பள்ளிப் பைக்கும் போர்வைக்கும் பயணப் பெட்டிக்கும். ஆக 18 மி.மீ. தாள் ஐந்து, தொங்கவிடும் பெட்டியின் முதுகுக்கு 6 மி.மீ. தாள் ஒன்று. கடையில் விலை கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

கதவு எங்கே என்று கேட்பீர்கள். கதவு இல்லை. ஏழடிக் கதவு ஒவ்வொன்றுக்கும் நான்கு கீல், கைப்பிடி, பூட்டு, இரண்டு பக்கமும் மைக்கா, நான்கு ஓரமும் பட்டி, அவற்றையெல்லாம் பொருத்த ஆசாரிக்குக் கூடுதல் நாள்கள் என்று பணம் கரைவது அங்கேதான். தூசியை மறைக்கத் திரை போதும். நம் ஊரில் திரைக்குத் துணி தேடிப் போக வேண்டியதே இல்லை. கட்டிக் கட்டி மெலிந்த பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுங்கள். ஐந்தரை மீட்டர் என்பது பதினெட்டு அடி. மேலும் கீழும் மடித்துத் தைக்க விட்டு ஏழரை அடியாக இரண்டு துண்டு வெட்டினால், ஐந்தடித் திறப்புக்குச் சுருக்கம் வைத்துத் தொங்கவிட அகலமும் போதும். அரக்கும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கண்டாங்கி அந்தச் சுவரில் தொங்குகிற அழகு எந்த மைக்காவுக்கும் வராது என்பது என் சொந்த அபிப்பிராயம். பின்னாளில் பணம் வரும்போது கதவு போட்டுக்கொள்ளலாம். நிற்கும் பலகை 18 மி.மீ. ஆக இருப்பதால் கீலைத் தாங்கும்.

மலிவுப் பலகை பற்றி ஒரு வார்த்தை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை இரண்டடிக்கு மேல் இடைவெளி விட்டுத் தட்டாகப் போட்டால் ஓராண்டில் வயிறு தள்ளிவிடும். ஒட்டுப்பலகையிலும் 18க்குப் பதில் 12 மி.மீ. போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்வார்கள். தடிப்பு ஒன்றரை மடங்காகும்போது வளையாத வலு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. எனவே தடிப்பில் கைவைக்காதீர்கள். இடைவெளியையும் மூன்றடிக்கு மேல் விடாதீர்கள். கதவு, மைக்கா, அலங்காரப் பட்டி ஆகியவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொருளை நீங்களே வாங்கி, பேனல் ரம்பம் உள்ள பட்டறையில் மேலே சொன்ன அளவுகளுக்கு அறுத்து எடுத்துவந்து, ஆசாரிக்கு நாள் கூலி பேசுங்கள். கைரம்பத்தில் அறுக்கும் நேரம் மிச்சமாவதால் கூலி நாள்கள் குறையும். இப்படிச் செய்தால் உங்கள் தொகைக்குள் நிற்க வாய்ப்பு அதிகம். அறுக்கும்போது நீங்களும் அருகில் நில்லுங்கள். அரை அங்குலம் தவறினால் ஐந்தாவது தாள் ஆறாவதாகிவிடும்.

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய ஓர் அறை எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அதில்தான் இருக்கிறோம். சுவரெல்லாம் பழைய முட்டைப் பூச்சு. தரை ஆத்தங்குடிப் பூக்கல். அலமாரியைச் சுவரில் துளை போட்டுப் பொருத்தினால்தான் உறுதியாக நிற்கும் என்று தச்சர் சொல்கிறார். பங்காளிகள் தொடக்கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: பங்காளிகள் சொல்வதுதான் சரி, ஆச்சி. அவர்கள் எந்தக் காரணத்துக்காகச் சொன்னார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்த காரணம் வேறு.

தொழிலுக்கு வந்த புதிதில், இதேபோன்ற ஒரு வீட்டில் புத்தகத் தட்டு ஒன்றைப் பொருத்த நானே துளை போடச் சொன்னேன். துளைக்கருவி உள்ளே போனது. நைலான் பிளக்கை அடித்தோம். திருகாணியை இறுக்கியபோது சுவர் இருமியதுபோல் ஒரு சத்தம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு அப்படியே கழன்று என் கையில் வந்தது. அதன் விளிம்பைப் பார்த்தேன். அடியில் மணல் கலந்த சுண்ணாம்பு சொரசொரப்பாக இருந்தது. அதன்மேல் இன்னும் மெல்லிய அடுக்குகள். ஆக மேலே நகத்தின் தடிமன்கூட இல்லாத, கோழிமுட்டை ஓடு போன்ற ஒரு வெள்ளைத் தோல். முட்டை வெள்ளைக்கருவும் நுண்மையாக அரைத்த சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து ஏற்றிய மெருகு அது. அந்த வீட்டுப் பெரியவர் திட்டவில்லை. துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு மாடக்குழியில் வைத்துவிட்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அந்த ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். அது இரண்டாவது தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் விடாதது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி ஈரம் தேங்கி, அடுத்த மழைக்காலத்தில் இன்னும் ஒரு வட்டம் உரிந்தது. மேலும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரில் பிளக் இறுகிப் பிடிப்பது, சிமென்ட் சுவரில் பிடிப்பதுபோல் இருக்காது. எனவே சுவரில் துளைத்தால்தான் உறுதி என்ற தச்சரின் கணக்கு புது வீட்டுக் கணக்கு.

உங்கள் அறைக்குத் தேவை தன் காலில் நிற்கும் அலமாரி. அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஐந்தடி உயரத்துக்கு இருபது அங்குல ஆழம் இருந்தால் ஆடாது. கனமான பொருள் கீழே, கனமில்லாதது மேலே என்று வையுங்கள். கால்களுக்கு அடியில் ரப்பர் அல்லது தடித்த கம்பளித் துணி ஒட்டுங்கள். ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் வார்த்த சிமென்ட் கல். இரும்புக் காலை இழுத்தால் அந்தக் கோடு நிரந்தரமாக இருக்கும்.

தன் காலில் நிற்பதில் இன்னொரு வசதியும் உண்டு. முன்னோரை வணங்கும் படைப்புக்கு எல்லாப் பங்காளிகளும் கூடும் நாளில் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டி வந்தால், நான்கு பேர் தூக்கி வைத்துவிடலாம். அறையின் உயரம் பன்னிரண்டு அடிக்குக் குறையாது என்று நினைக்கிறேன். அப்படியானால் அலமாரிக்கு மேலே ஏழடி வெற்றிடம் இருக்கிறது. நான்கு இரும்புச் சதுரக் குழாய்க் கால்கள்மேல், சுவரைத் தொடாமல், ஏழடி உயரத்தில் ஒரு பரண் அமைத்துக்கொள்ளலாம். அலமாரி அதன் கீழேயே நின்றுகொள்ளும். இதை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினால் தேக்கில் செய்வதைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் பரணில் வைப்பது இருவரும் ஏணி ஏறி எடுக்க வேண்டாத பொருளாக இருக்கட்டும். ஓய்வுபெற்ற வயதில் ஏணி நமக்கு நண்பன் இல்லை.

ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். வளவைச் சுற்றிய அந்த அறைகள் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. பெரும்பாலும் சீர்ச் சாமான்களை வைத்துப் பூட்டுவதற்கு. படுப்பதற்குப் பட்டாலை என்னும் கூடமும் வளவும் இருந்தன. பொருள் வைக்கும் அறையில் நாம் இப்போது படுக்கவும் செய்கிறோம், அதனால்தான் இந்த நெருக்கடி. உங்கள் பங்கில் பழைய பெட்டகம் ஏதாவது வந்திருந்தால் அதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போட்டுவிட்டு ஒட்டுப்பலகை வாங்காதீர்கள். கொடுக்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள தூரத்தை அந்தத் தெருவில் ஒருமுறை நடந்தாலே தெரிந்துகொள்வீர்கள். பெட்டகத்துக்குள் இரண்டு இடைத்தட்டுகள் போட்டால் அதுவே உங்கள் அலமாரி.

கேள்வி: எங்கள் கொத்தனார் படுக்கையறைச் சுவரில் கடப்பாக்கல் தட்டு வைத்துவிடலாம், பலகையைவிட மலிவு என்கிறார். வைக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: வைக்கலாம், சுவர் ஒன்பது அங்குலமாக இருந்தால். நாலரை அங்குலச் சுவரில் கிடைமட்டமாகக் காடி வெட்டிக் கல்லைச் செருகுவது சுவரை இரண்டாக அறுப்பதற்குச் சமம்; கொத்தனார் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஓர் அங்குலத் தடிப்புள்ள கல் சதுர அடிக்கு ஏறத்தாழ 6 கிலோ இருக்கும். மூன்றடிக்கு ஒன்றரை அடித் தட்டு ஒன்று, துணி வைப்பதற்கு முன்பே 28 கிலோ. ஐந்து தட்டுகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே பக்கவாட்டில் செங்கல் தாங்கலோ நிற்கும் கல்லோ அவசியம்.

கரையான் தின்னாது, தண்ணீர் பட்டால் ஊறாது, விலையும் குறைவு என்பவை உண்மை. ஆனால் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். பிள்ளை வளர்ந்து பேண்ட் போடும் வயதில் இடைவெளியை மாற்ற நினைத்தால் சுத்தியல்தான் எடுக்க வேண்டும். வைப்பதற்கு முன் முன்விளிம்பை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் விட்ட வீடுகளில் குனிந்து நிமிரும்போது நெற்றியில் பட்ட தழும்போடு ஒருவராவது இருப்பார். பட்டுச் சேலையைக் கல்லின்மேல் நேராக வைக்காமல் பருத்தித் துணி விரித்து வையுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த சுவரலமாரியின் பின்பலகையைக் கரையான் முழுவதும் அரித்துவிட்டது. முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் ‘மரைன்’ பலகை என்று சொல்லித்தான் கொடுத்தார். புதிதாகச் செய்யும்போது என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், புதுவயல்

பதில்: ‘மரைன்’ என்ற சொல்லை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐ.எஸ். 710 என்ற தர எண் உள்ள மரைன் ஒட்டுப்பலகையின் முதல் சிறப்பு, அதன் பசை கொதிநீரிலும் விடாது என்பது, ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான பலகை. படுக்கையறையில் தண்ணீர் கொதிப்பதில்லை, ஆகையால் 303 போதும். மரைன் தரப் பலகைக்கு மருந்தேற்றமும் உண்டு. ஆனால் முத்திரையே இல்லாத பலகையில் மரைன் என்று வாயால் சொல்லி விற்றால் பசையும் இருக்காது, மருந்தும் இருக்காது. தாளின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்; அறுத்த பிறகு பார்க்க முடியாது.

ஆனால் எந்தப் பலகை வாங்கினாலும் கரையான் வரும் வழியை அடைக்காவிட்டால் பயனில்லை. நம் பக்கத்து வீடுகளை அரிக்கும் கரையான் மண்ணுக்குள் வாழ்வது. அதற்கு ஈரமும் இருட்டும் வேண்டும். அதனால்தான் வெயிலும் காற்றும் படாமல் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக ஏறி வருகிறது. மைக்காவையும் பெயின்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள மரத்தை மட்டும் தின்னும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே ஒன்றும் இல்லை.

புதிய அலமாரியைத் தரையில் நேரடியாக நிறுத்தாதீர்கள். நான்கு அங்குல உயரத்துக்குக் கல்லால் அடிமேடை கட்டி அதன்மேல் வையுங்கள், அல்லது நான்கு அங்குல இரும்புக் கால் கொடுங்கள். பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் விடுங்கள். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அந்த இடுக்கைப் பார்த்தால், மண்குழாய் விரல் நீளத்தில் இருக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். பழைய அலமாரி அரிக்கப்பட்டதற்கு உண்மையான காரணம், அது சுவரோடு ஒட்டியிருந்ததால் நீங்கள் பார்க்க வழியில்லாமல் போனதுதான்.

இதற்கு முன்பு, தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்தும் வேலையை உரிமம் உள்ளவர்களைக் கொண்டு செய்துவிடுங்கள். வேப்பிலையும் ரசகற்பூர உருண்டையும் துணிப் பூச்சிக்குத்தான். கரையான் அவற்றைப் பொருட்படுத்தாது. ரசகற்பூரத்தைச் சரிகையின்மேல் படும்படி வைத்தால் சரிகை கறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. பலகை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கரையான் தொடாது, உண்மை. ஆனால் திருகாணி அதில் மரத்தைப் போல் இறுகாது, நீளமான தட்டாகப் போட்டால் தொய்யும். பின்பலகைக்கு மட்டும் அதைப் போட்டு, தட்டுகளை ஒட்டுப்பலகையில் செய்வது நல்ல சமாதானம்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த எவர்சில்வர், பித்தளைச் சாமான்கள் படுக்கையறை மூலையில் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. கட்டிலையே பெட்டிக் கட்டிலாக, ஹைட்ராலிக் தூக்கியோடு செய்யலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: பெட்டிக் கட்டில் செய்யலாம், ஹைட்ராலிக் வேண்டாம். ஆறேகாலுக்கு ஐந்தடிக் கட்டிலின் கீழ் ஓரடி உயரம் எடுத்துக்கொண்டால் 31 கன அடி கிடைக்கிறது. மூன்றடி அகலமுள்ள முழு உயர அலமாரி ஒன்றின் கொள்ளளவே 42 கன அடிதான் என்பதைப் பார்த்தால், காலடியில் எவ்வளவு இடத்தை வீணாக விட்டிருக்கிறோம் என்று தெரியும்.

தூக்கி என்பது அடிக்கடி திறப்பவர்களுக்கு. நீங்கள் திறக்கப்போவது கல்யாணத்தன்று ஒருமுறை, இடையில் புளி போட்டுத் துலக்க ஒருமுறை. மேல்பலகையை நான்கு துண்டாகச் செய்து, ஒவ்வொன்றிலும் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டால் போதும். மெத்தையைப் பாதி சுருட்டிவிட்டு ஒரு பெண் தனியாகவே தூக்கிவிடலாம். துண்டுகள் சேரும் இடத்தில் கீழே தாங்குபலகை நிற்க வேண்டும். கொப்பரை, அண்டா போன்றவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவில் பழைய வேட்டித் துணி வைத்துச் சுற்றுங்கள். பித்தளையையும் எவர்சில்வரையும் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டாம். எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். சாமான் பட்டியல் எழுதும் பழக்கம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியின் அடிப்பாகம் தரையைத் தொடாமல் துடைப்பம் நுழையும் அளவுக்கு உயர்ந்திருக்கட்டும். புதுவயல் வாசகருக்குச் சொன்ன காரணம்தான்.

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாங்கள் இருவர் வாடகை அறையில் இருக்கிறோம். எட்டடிக்குப் பத்தடி. ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு. கையில் அதிகப் பணம் இல்லை.
– மாணவியர் இருவர், காரைக்குடி

பதில்: ஒன்றரை ஆண்டுக்கு மரவேலை எதுவும் செய்யாதீர்கள். இரும்புக் கடைகளில் துளையிட்ட ஆங்கிள் ரேக் கிடைக்கும். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், பதினைந்து அங்குல ஆழத்தில் ஐந்து தட்டுள்ளது ஒன்று உங்கள் இருவருக்கும் போதும். போல்ட்டைக் கழற்றினால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாம், இல்லையென்றால் உங்களுக்குப் பின் வரும் மாணவியரிடம் பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம். ரேக்கின் பின்பக்கத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்குப் பட்டி ஒன்று முடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாத ரேக் ஊஞ்சல்தான். தட்டுகளின் தகர விளிம்பு துணியைக் கிழிக்கும், பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் செருகிவிடுங்கள்.

கட்டில்களின் கால்களுக்கு அடியில், நடுவில் குழி எடுத்த மரக்கட்டைகளை வைத்து ஆறு அங்குலம் உயர்த்தினால் தகரப் பெட்டி உள்ளே போய்விடும். அந்தக் கட்டைகளை மர அறுவைப் பட்டறையில் கழிவுத் துண்டாகக் கேட்டு வாங்கலாம். ரேக்கில் புத்தகங்கள் ஆகக் கீழ்த்தட்டில் இருக்கட்டும், காலிப் பைகள் ஆக மேலே.